ஒரு பெருந்திரளுக்கு எத்தனை திரள்?

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்குக் கிழக்கே குடியிருந்தவன் ஜெயவேல். மேற்கே குடியிருந்தவன் லோகநாதன். இருவரும் ஒரே நாளில், ஒரே ஆஸ்பத்திரியில், அடுத்தடுத்த கட்டிலில் பிறந்தவர்கள். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. இருவரில் எவன் முதலில் பிறந்தான் என்பதில்தான் சந்தேகம். அந்தச் சந்தேகத்துக்கும் அப்போது முப்பத்திரண்டு வயதாகியிருந்தது.

அன்றைக்கு வார்டில் இருந்த நர்ஸ் ஃப்ளோரன்ஸம்மாவை ராயபுரத்தில் தேடிப் பிடித்து, இருவருமாகச் சேர்ந்துபோய் ஒரு தடவை கேட்டும் பார்த்துவிட்டார்கள். அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "யாரு முந்தின்னு ஞாபகம் இல்லப்பா. சத்தந்தான் முந்தி வந்துச்சு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

முன்னால் பிறந்தவனைப் பின்னால் பிறந்தவன் 'அண்ணே' என்று கூப்பிட வேண்டும். அது உலக வழக்கம். வழி கேட்கிறவனும், பஸ்ஸில் தள்ளி உட்காரச் சொல்கிறவனும், நெருப்புப் பெட்டி கேட்கிறவனும் சொல்லுகிற அண்ணே இந்தக் கணக்கில் சேராது. அது தும்மல் மாதிரி, தானாக வருவது. ஜெயவேலுக்கு வேண்டியிருந்தது ஆளைத் தெரிந்து, மனதறிந்து சொல்லுகிற அண்ணே. அவன் வீட்டில் ஐந்து ஆண்பிள்ளைகள். அதில் அவன் கடைசி. நாலு பேருக்கு அண்ணே போட்டுப் போட்டு நாக்கு தேய்ந்ததுதான் மிச்சம். திருப்பிச் சொல்ல ஒரு ஜீவன் கிடையாது. உலகத்தில் அவனை அண்ணே என்று கூப்பிடக் கடமைப்பட்ட ஒரே மனிதன், நியாயமாகப் பார்த்தால், லோகநாதன்தான். அந்த லோகநாதனோ, "டேய் ஜெயவேலு, நான் இந்த ஒலகத்தப் பாத்துட்டு, பரவால்ல வாடான்னு சொன்னப்பறம் தான்டா நீ வந்த" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். லோகநாதனுக்கு ஆறு தங்கைகள். அண்ணே என்ற வார்த்தைக்கு வீட்டில் பஞ்சமில்லை. ஆனாலும் ஒரு ஆண்பிள்ளை வாயால், அதிலும் ஜெயவேல் வாயால் கேட்டால்தான் அவனுக்குத் தூக்கம் வரும்போலிருந்தது.

இருவருக்கும் எண்ணுவதுதான் உத்தியோகம். ஜெயவேல் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணுகிறவன். லோகநாதன் கூட்ஸ் யார்டில் வேகன்களை எண்ணுகிறவன். மூட்டையிலும் வேகனிலும் இருவரும் ஒன்றுகூடப் பிசகமாட்டார்கள். மனிதத் தலை என்று வந்துவிட்டால் மட்டும் இருவருக்கும் கண் ஒரு மாதிரி ஆகிவிடும்.

அது தெரிய வந்தது கார்ப்பரேஷன் தேர்தலில்தான். கிழக்கே ஒரு எண்ணெய் மண்டிக்காரர் பூட்டுச் சின்னத்தில் நின்றார். மேற்கே ஒரு வக்கீல் குடைச் சின்னத்தில் நின்றார். ஜெயவேல் பூட்டில் சேர்ந்தான். காரணம் கேட்டால் கொள்கை என்பான். உண்மையில் லோகநாதன் குடையில் சேர்ந்துவிட்டான் என்று முதல்நாள் கேள்விப்பட்டிருந்தான். லோகநாதனைக் கேட்டால், ஜெயவேல் பூட்டில் சேரப் போகிறான் என்று அதற்கும் முதல்நாள் கேள்விப்பட்டதாகச் சொல்வான். இதிலும் யார் முந்தி என்பது தீரவில்லை.

பூட்டுக்கு ஒரு கூட்டம் நடந்தது. மறுநாள் குடைக்கு ஒரு கூட்டம் நடந்தது. இரண்டும் முடிந்து கேட் ஓரத்து மஜீது பாய் டீக்கடையில் இருவரும் எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"பாய், முந்தாநாளு எங்க கூட்டத்துல ஒரு லட்சம் பேரு" என்றான் ஜெயவேல்.

"கொருக்குப்பேட்ட, தண்டையார்பேட்ட, வண்ணாரப்பேட்ட, எல்லாத்தையும் தலகீழா கவுத்துக் கொட்டினாக்கூட ஒரு லட்சம் தேறுமாடா?" என்றான் லோகநாதன். "எங்க கூட்டத்துல ஒண்ணேகால் லட்சம்."

மஜீது பாய் பாலை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "ஏன்டா, எங்கடையில டீ குடிச்சவன் மொத்தம் நாப்பது பேரு. மிச்சம் பேரெல்லாம் நோன்பாடா?"

அப்போது ஜெயவேல் மடியிலிருந்து பேப்பரை எடுத்தான். பூட்டுக் கூட்டத்துக்குப் 'பெருந்திரளான மக்கள்' வந்ததாகப் போட்டிருந்தது. குடைக் கூட்டத்துக்குத் 'திரளான மக்கள்' என்று மட்டும் போட்டிருந்தது.

"பாத்துக்கோ. நாங்க பெருந்திரள். நீ வெறும் திரள்."

லோகநாதன் பேப்பரை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பி, தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "எடம் பத்தாம 'பெரு'வ வுட்டுட்டாம்பா" என்றான்.

"ஒரு பெருந்திரளுக்கு எத்தினி திரளுடா?" என்றார் மஜீது பாய்.

ஜெயவேல் உத்தேசமாக எட்டு என்றான். லோகநாதன் ஒன்றரைக்கு மேல் ஒத்துக்கொள்ள மறுத்தான். அந்தப் பேச்சு சாயங்காலம் வரை போனது. நடுவில் இரண்டு பேர் கேட் திறந்ததைக் கவனிக்காமல் உட்கார்ந்திருந்து பஸ்ஸைத் தவறவிட்டார்கள்.

மறுநாள் மஜீது பாய் ஒரு யோசனை சொன்னார். மைதானத்தின் நீள அகலம் எல்லோருக்கும் தெரியும். ஒரு கஜச் சதுரத்தில் எத்தனை பேர் நிற்கலாம் என்று கண்டுபிடித்துவிட்டால் பெருக்கிப் பார்த்துவிடலாம். கடையின் சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் ஒரு சதுரம் போட்டார்கள். தன் மைதானத்துக்கான ஆட்களை ஜெயவேல் பொறுக்கினான். வாட்டசாட்டமில்லாத ஆட்களாகப் பார்த்துப் பதினோரு பேரை உள்ளே நிறுத்திவிட்டான். அதில் மூன்று பேர் ஒற்றைக் காலில் நின்றார்கள். ஒருவன் இன்னொருவன் தோளில் இருந்தான்.

"கூட்டத்துல எவன்டா ஒத்தக் கால்ல நிப்பான்?" என்று கத்தினான் லோகநாதன்.

"எங்க தலைவரு பேச்சக் கேட்டா நிப்பான்!"

பிறகு ஜெயவேலின் கூட்டத்தைத் தானும் ஒரு தரம் அளந்து காட்டுவதாகச் சொல்லி லோகநாதன் தன் ஆளைக் கொண்டுவந்தான். மூட்டை மண்டியில் எடை போடுகிற ஹபீபுல்லா. அவன் சதுரத்துக்குள் காலை வைத்ததும் சதுரம் மறைந்துவிட்டது. "ஒரு கஜத்துக்கு ஒரு ஆளு. கரீட்டா கீதா பாய்?" என்றான் லோகநாதன். ஹபீபுல்லாவைத் தள்ளிவிட்டு ஜெயவேலின் பதினோரு பேர் உள்ளே நுழையப் பார்த்ததில் பாலிருந்த குண்டான் கவிழ்ந்தது. மஜீது பாய் சாக்கட்டியைப் பிடுங்கி அடுப்பில் போட்டார்.

அந்த வாரம் முழுக்க அவர் சரியாகப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு கட்சிக்கும் கடைசிக் கூட்டம். கேட்டுக்குக் கிழக்கே பூட்டு, மேற்கே குடை, ஒரே நேரத்தில். சனிக்கிழமை காலை இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"எனுக்கு இதோட தீரணும். அளவுகோலு நான் சொல்றேன். கூட்டத்துல கொயந்த தொலஞ்சா மைக்குல சொல்றாங்கல்ல?"

"ஆமா."

"கூட்டம் பெருசா இருந்தா புள்ள தொலையும். கூட்டம் சின்னதா இருந்தா, தொலைக்கணும்னு நெனச்சாக்கூட தொலைக்க முடியாது. எந்தப் பக்கம் நெறய புள்ள தொலயுதோ அதான் பெரிய கூட்டம். எங்கடைக்கு ரெண்டு மைக்கும் கேக்கும். நானே எண்ணிக்கிறேன்."

இருவரும் யோசித்தார்கள். எவ்வளவு யோசித்தும் இதில் ஓட்டை தெரியவில்லை.

"ஒண்ணு" என்றார் மஜீது பாய். "பெத்தவங்க மேடைக்கு வந்து தூக்கிக்கினு போனா தான் கணக்கு. இல்லாங்காட்டி தெருவுல போற பசங்க எல்லாரையும் மேடையில ஏத்திருவீங்க. கூட்டம் முடிஞ்சு நன்றி சொல்ற வரைக்கும் தான் கணக்கு."

"தோத்தவன்?" என்றான் லோகநாதன்.

ஜெயவேல் எழுந்து நின்றான். தொண்டையைச் செருமிக்கொண்டான். "தோத்தவன் செயிச்சவனை, ஆயுசுக்கும், அண்ணேன்னு கூப்புடணும்."

கடையில் இருந்தவர்கள் டீயை வாயில் வைத்தபடி நின்றார்கள். லோகநாதன் எழுந்து கையை நீட்டினான். அன்றிரவு ஜெயவேலுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. முகம் பார்க்கிற கண்ணாடிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். அங்கே என்ன செய்தான் என்பதைப் பிறகு சொல்லலாம்.

ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலம் ஜெயவேல் தன் மேடை ஓரத்தில் ஒரு கூடை பன்னுடன் தயாராக இருந்தான். தொலைந்த குழந்தை அழாமலிருக்க ஆளுக்கொரு பன். அழாத குழந்தையைப் பார்த்தால் மற்றக் குழந்தைகளுக்கும் தொலைய ஆசை வரும் என்பது அவன் கணக்கு. கணக்கு பலித்தது. இருட்டுவதற்குள்ளேயே நாலு குழந்தைகள் தாமாகவே மேடைக்கு வந்து, தாங்கள் தொலைந்துவிட்டதாகத் தெரிவித்தார்கள்.

ஆனால் எதிர்ப்பக்கம் லோகநாதன் ஜாங்கிரி வைத்திருந்தான்.

இந்தச் செய்தி பெரியவர்களுக்குத் தெரிவதற்கு முன்பே குழந்தைகளுக்குத் தெரிந்துவிட்டது. இந்தப் பக்கம் தொலைந்து பன் தின்றவர்கள் கேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்த் தொலைந்து ஜாங்கிரி தின்றார்கள். தாகத்துக்குத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் இந்தப் பக்கம் வந்து தொலைந்தார்கள். ரயில்வே குவார்ட்டர்ஸ் பிலோமிக்கு மூன்று பையன்கள். பாவம், அவள் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. வீட்டில் மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். மைக்கில் பெயரைக் கேட்டு மாவுக் கையோடு கிழக்கே ஓடிவந்து மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு போனாள். ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்ததும் மேற்கே மைக் அதே மூன்று பெயர்களைச் சொன்னது. மூன்றாவது தடவை பூட்டு மேடைக்கு வந்தபோது அவள் ஜெயவேலை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏன்யா, எம்புள்ளைங்கள வச்சுக்கினு ரெண்டு பக்கமும் ஏலமா போடுறீங்க? ஓட்டுப் போடுற அன்னிக்கி வரேன் இரு. பூட்டுக்கும் இல்ல, குடைக்கும் இல்ல, ரெண்டு பொட்டிமேலயும் மாவக் கரைச்சு ஊத்துறேன்!"

ஜெயவேல் பணிவாக அவளுக்கும் ஒரு பன் கொடுத்தான்.

கேட் ஓரத்தில் மஜீது பாய் இரண்டு டீ கிளாஸ்களை வைத்துக்கொண்டு, ஒரு பிள்ளைக்கு ஒரு வேர்க்கடலையாகப் போட்டு வந்தார். அவருடைய மைத்துனன் சௌக்கத் அலி சைக்கிளில் இரண்டு பக்கமும் போய் நிலவரம் சொல்லி வந்தான். ஒரு தடவை திரும்பி வந்தவன், அசதியில், கிளாஸிலிருந்து ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"அடப் பாவி! ஒரு புள்ளய முழுங்கிட்டியேடா!" என்று அலறினார் மஜீது பாய். எந்தக் கட்சியின் பிள்ளையை முழுங்கினான் என்று அவனுக்கு நினைவில்லை. பொதுவில் இருக்கட்டும் என்று மற்ற கிளாஸிலிருந்தும் ஒன்றை எடுத்துத் தின்னச் சொன்னார்.

கடைசிப் பேச்சாளர் எழுந்தபோது சௌக்கத் அலி மூச்சு வாங்க ஜெயவேலிடம் வந்தான். "மாமு, ரெண்டு பக்கமும் சமம். இன்னும் ஒரே ஒரு புள்ள யாருக்கு வருதோ அவந்தான் அண்ணன்."

ஜெயவேல் சுற்றிலும் பார்த்தான். பன் கூடை காலி. ஜாங்கிரி இருக்கிற பக்கம் பார்த்து எல்லாக் குழந்தைகளும் போய்விட்டிருந்தார்கள். அவன் கண்ணில் பட்ட ஒரே குழந்தை, மேடைக் காலைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்த அவனுடைய சொந்த மகள் வேம்புதான். ஐந்து வயது. மனைவி சொக்கம்மாள் பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை தொலையும், மைக்கில் சொல்லலாம், பெற்றவள் எழுந்து வந்து வாங்கிக்கொள்வாள். இதைவிட ஒழுங்கான தொலைதல் எங்கே கிடைக்கும்?

அவன் வேம்புவின் முன்னால் குந்தி உட்கார்ந்து, முடியைத் தடவிக் கொடுத்து, உலகத்தில் எந்தத் தகப்பனும் சொல்லாத குழைவோடு சொன்னான்: "கண்ணு, நீ போய் கொஞ்சம் தொலஞ்சு போறியா?"

வேம்பு ஆச்சரியப்பட்டுப் போனாள். 'தொலஞ்சு போ' என்று அவள் தினம் கேட்பதுதான். அம்மா அதை முறத்தை ஓங்கிக்கொண்டு சொல்வாள். இப்படி ஆசையாகச் சொல்லி அவள் கேட்டதில்லை.

"தொலஞ்சு போனா இன்னா நைனா தருவாங்க?"

"தின்றதுக்குத் தருவாங்க. போ, ஓடு."

வேம்பு ஓடினாள். சொன்ன வேலையைச் சுத்தமாகச் செய்கிற குழந்தை. கூட்டத்துக்குள் புகுந்து, கூட்டத்தைத் தாண்டி, திறந்திருந்த கேட்டையும் தாண்டிப் போய்த் தொலைந்தாள். பூட்டு மேடையில் பன் தீர்ந்துவிட்டது என்பது அவளுக்கும் தெரியாதா?

ஜெயவேல் மேடை ஓரத்தில் காத்திருந்தான். குழந்தை வரவில்லை. கடைசிப் பேச்சாளர் கொஞ்சம் தண்ணீர் குடிப்பதற்காகப் பேச்சை நிறுத்தினார். அந்த இடைவெளியில், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமிருந்து லோகநாதனின் குரல் குழாயில் கணீரென்று வந்தது.

"பெரியோர்களே, தாய்மார்களே! பச்சைப் பாவாடை போட்ட பெண் குழந்தை ஒன்று நமது மேடையில் உள்ளது. குழந்தையின் தகப்பனார் எங்கிருந்தாலும் உடனே வரவும். நமது மாபெரும் கூட்டத்தை விட்டுவிட்டு அவர் வேறு எங்கே போயிருக்கப் போகிறார்?"

அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்திலேயே குழந்தை யாருடையது என்று ஜெயவேலுக்குத் தெரிந்துவிட்டது. முதல் வரிசையில் சொக்கம்மாள் எழுந்துவிட்டாள். "யோவ்! பச்சப் பாவாட நம்ம வேம்புய்யா! கொயந்தயப் பாத்துக்கோன்னு உங்கையில குடுத்தனே, இன்னாய்யா பண்ண?"

"இரு புள்ள. நன்றி சொல்லி முடிச்சிரட்டும். அப்பால போறேன்."

இதுதான் அவன் திட்டம். நன்றி சொன்னபின் தூக்கி வந்தால் கணக்கில் வராது. வேம்பு தைரியமான பெண். கொஞ்ச நேரம் ஜாங்கிரி தின்றுகொண்டு இருப்பாள். ஆனால் லோகநாதன் அவனைச் சும்மா விடுவானா? குழந்தையின் கையிலேயே மைக்கைக் கொடுத்துவிட்டான்.

"பாப்பா, உம் பேரு இன்னா?"

"வேம்பு."

"உங்க நைனா பேரு?"

"நைனா."

அந்தப் பக்கம் சிரிப்பு. கொஞ்சம் பிந்தி இந்தப் பக்கமும் சிரிப்பு.

"உங்க நைனா எங்க கீறாரு?"

"அங்க கீறாரு. பூட்டு வச்சுக்கினு."

"அப்ப நீ ஏம்மா இங்க வந்த? இந்தக் கூட்டம் தான் பெருசுன்னா?"

"இல்ல. நைனா தான் தொலஞ்சு போன்னாரு. தின்றதுக்குத் தருவாங்கன்னாரு."

சொக்கம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஜெயவேலைத் திரும்பிப் பார்த்தாள். அவளோடு முதல் வரிசையே திரும்பிப் பார்த்தது. ஜெயவேல் ஓடத் தொடங்கினான்.

கேட்டுக்கு அவன் வந்து சேரவும் கேட் மூடவும் சரியாக இருந்தது. கூட்ஸ் வண்டி. நிலக்கரி வேகன் ஒவ்வொன்றாக, கலியாண விருந்துக்கு வந்த சம்பந்தி மாதிரி, மெதுவாக நகர்ந்தது. வேகனுக்கும் வேகனுக்கும் நடுவில் இருக்கிற சந்தில் வேம்புவின் குரல் துண்டு துண்டாக வந்தது.

"...ராவுல நைனா..." தடக். "...கண்ணாடி முன்னாடி நின்னுக்கினு..." தடக் தடக். "...லோகு மாமா கொரல்ல..." தடக். "...'வாண்ணே, ஒக்காருண்ணே, சாப்டியாண்ணே'ன்னு..." தடக். "...தனக்குத் தானே சொல்லிக்கினாரு. அப்பால சிரிச்சாரு."

டீக்கடையில் மஜீது பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். இரண்டு மைதானத்துச் சிரிப்பும் வேகன்களுக்கு மேலாகச் சேர்ந்துகொண்டது. அதுவரை தனித்தனியாக இருந்த கூட்டங்கள் ஒன்றானது அந்த நிமிஷத்தில்தான். ஜெயவேல் கண்ணை மூடிக்கொண்டு, எவ்வளவு நீளமான வண்டியைப் பிடித்து இழுக்கிறார்களடா என்று இன்ஜினைத் திட்டினான்.

கடைசி வேகன் போனதும் குனிந்து புகுந்து ஓடினான். குடை மேடைக்குத் தானே போய் நின்றால் ஏளனமாயிற்றே என்ற நினைப்பெல்லாம் போய்விட்டது. தோற்றால் தோற்கிறது, அந்தக் குழந்தை அடுத்து என்ன சொல்லும் என்பதுதான் இப்போது பயம். குடை மேடையில் லோகநாதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். வேம்பு மைக்கை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தாள். ஜாங்கிரிப் பாகு அவள் முழங்கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. இவ்வளவு பெரிய சத்தம் தன்னுடையதுதான் என்று தெரிந்துகொண்ட குழந்தை அதை இனி யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

"லோகு மாமா" என்றாள். குழாய் அதைத் திருவொற்றியூர் வரை கொண்டு போயிருக்கும். "செல்வத்துக்கு மட்டும் ரெண்டு ஜாங்கிரி. எனுக்கு ஒண்ணு தானா?"

செல்வம் லோகநாதனுடைய மகன். லோகநாதனின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

"செல்வமும் தொலஞ்சு தான் போனான். அவுங்க நைனா தான் போவச் சொன்னாரு. அவன் சொன்னான். அப்பால அவுங்க அம்மா வந்து தூக்கிக்கினு போச்சு. திருப்பியும் உட்டுட்டுப் போச்சு. அப்பால திருப்பியும்..."

லோகநாதன் பாய்ந்து மைக்கைப் பிடித்தான். வேம்பு விடவில்லை. அவன் இழுக்க, அவள் கத்த, குழாய் ஊளையிட்டது. அந்த நேரத்தில் மேடைக்குக் கீழே, ஆட்களைத் தள்ளிக்கொண்டு, மூச்சிரைக்க வந்து நின்ற ஜெயவேல் இரண்டு கையையும் தூக்கிக் கூவினான்:

"அண்ணே! அண்ணே! மைக்க நிறுத்துண்ணே!"

குழந்தையையும் மைக்கையும் சேர்த்துத் தூக்கி அவனிடம் நீட்டியபடி லோகநாதனும் கூவினான்:

"தூக்கிக்கினு போண்ணே! ஒன்னியக் கும்புட்டுக்கிறேண்ணே!"

இரண்டையும் மைக் வாங்கிக்கொண்டது. குழாய் இரண்டையும் வெளியே கொட்டியது. மேடைக்கு மேலும் கீழும் இருவரும் வாயைத் திறந்தபடி நின்றார்கள். வேம்பு மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டாள்:

"அப்ப தம்பி யாரு?"

அப்புறம் நன்றி சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு கூட்டமும் அதோடு கலைந்தன. ஜெயவேல் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டி வந்தபோது சொக்கம்மாள் குழந்தையை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் பேப்பரில் இரண்டு கூட்டத்துக்கும் பெருந்திரள் என்றே போட்டிருந்தது. தேர்தலில் ஜெயித்தவர் செம்புச் சின்னத்தில் நின்ற ஒரு மனிதர். அவர் கூட்டமே போடவில்லை. பிலோமி அவருக்குத்தான் ஓட்டுப் போட்டதாகத் தெரு முழுக்கச் சொன்னாள்.

இந்த முடிவுகளெல்லாம் மஜீது பாய் கடையில் யாருக்கும் ஒரு பொருட்டாகவே படவில்லை. அங்கே வேறு வழக்கு நடந்தது.

"ரெண்டு பேரும் பசங்கள வச்சு டபாய்ச்சிருக்கீங்க" என்றார் மஜீது பாய். "கடலைக் கணக்கு செல்லாது. கடலையும் இல்ல, சௌக்கத்து தின்னுட்டான். ஆனா ரெண்டு பேரும் அண்ணேன்னு சொல்லிட்டீங்க. தீந்துச்சு. எழுந்து போங்கடா."

"அதெப்படி பாய் தீரும்?" என்றான் லோகநாதன். "மொதல்ல சொன்னது யாரு? இவன். மொதல்ல அண்ணேன்னவன் தம்பி."

"நான் சொன்னது வழி கேக்குறவன் சொல்ற அண்ணே" என்றான் ஜெயவேல். "தும்மல் மாதிரி. ஆள் யாருன்னே பாக்கல. இவன் என் மூஞ்சியப் பாத்து, கும்புட்டுக்கினு சொன்னான். அது தான் மனசறிஞ்ச அண்ணே."

"மைக்குல சொன்னியேடா! ஒண்ணேகால் லட்சம் பேரு கேட்டாங்க!"

ஜெயவேலின் முகத்தில் இதுவரை ஒருவரும் பார்த்திராத ஒரு அடக்கம் வந்தது. டீ கிளாஸைப் பக்குவமாகக் கீழே வைத்தான்.

"பாய், நெஞ்சுல கை வச்சு சொல்றேன். நான் அண்ணேன்னப்போ அந்த மைதானத்துல மிஞ்சிப் போனா பத்து பேரு. அதுலயும் நாலு பேரு தூங்கிக்கினு இருந்தாங்க." லோகநாதனைக் கையால் காட்டினான். "இவன் சொன்னப்போ தான் பாய் ஒரு லட்சம். கால் வைக்க எடமில்ல. ஒத்தக் கால்ல நின்னுக்கினு இருந்தாங்க."

மஜீது பாய் ஆற்றிக்கொண்டிருந்த பாலை அப்படியே நிறுத்தினார். "டேய். நீ சொன்னதுக்கும் அவன் சொன்னதுக்கும் நடுவுல ஒரே ஒரு மூச்சு தான்டா."

"அந்த மூச்சுல தான் பாய்" என்றான் ஜெயவேல், "கூட்டம் சேந்துச்சு."